ட்ரிம் மோட்டாருக்கு ஊற்றிய தேங்காயெண்ணெய்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. பயம் வந்தால் வாயே திறக்காது. அந்த வாரம் மூன்று நாளாக நான் யாரையும் திட்டவில்லை. அதை வைத்தே நான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் புரிந்துகொண்டார்.

ஃபிஜியின் தலைநகரில் கலகம் நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் பக்கம், பினாங்கு சர்க்கரை ஆலையைத் தாண்டிக் கடலோரத்தில், கரும்பு வெட்ட ஆள் வரவில்லை. இந்தியர் வீடுகள் இரண்டைக் கலகக்காரர்கள் எரித்துவிட்டார்கள். சாலையில் மரத்தை வெட்டிப் போட்டுப் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கினார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாலு பேர் வேனில் எங்கள் வாசலுக்கே வந்தார்கள். வீட்டுக்காரர் வயலில் இருந்தார். வந்தவர்கள் எங்கள் ஆடு இரண்டையும் வேனில் ஏற்றினார்கள். புறப்படும்போது ஒருவன் கொடியில் காய்ந்த பள்ளிக்கூடச் சீருடையைத் தொட்டுப் பார்த்து, இது யாருடையது என்று இந்தியில் கேட்டான். மகளுடையது, அவள் ஊரில் இல்லை என்றேன். சிரித்தான். சனிக்கிழமை வருகிறோம், அவளை வரச் சொல் என்றான்.

அவளுக்குப் பதினேழு வயது. அந்த நேரத்தில் பின்னால் ஓடைக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நல்ல வேளை, ஒன்றும் அவள் காதில் விழவில்லை.

வீட்டில் நாங்கள் பேசுவது இந்திதான். தமிழ் கோயிலுக்கும், மகளுக்குத் தெரியக்கூடாத பேச்சுக்கும். அன்று சாயங்காலமும் அவள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே நடந்ததைத் தமிழில் அவரிடம் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பாஸ்போட்டு, விசா எல்லாம் எங்க வச்சிருக்க?"

"அரிசி டின்னுல."

ஆக்லாந்திலிருந்து என் அண்ணன் ஏற்பாடு செய்த விசா அது. விமானம் ஏற மேற்குக் கரைக்குப் போக வேண்டும். சாலையில் போக முடியாது என்றால் கடல்தான் வழி. எங்களுக்கு ஒரு ஃபைபர் படகு இருந்தது. அதன் பின்னால் பழைய அவுட்போர்டு எஞ்சின். உப்புத் தண்ணீர் அரிக்காமல் இருக்க அதை வீட்டுக்காரர் எப்போதும் மேலே தூக்கித்தான் நிறுத்தி வைப்பார். தூக்கவும் இறக்கவும் எண்ணெயைத் தள்ளுகிற சின்ன மின்மோட்டார் ஒன்று உண்டு, ட்ரிம் மோட்டார் என்பார்கள். அது கலகத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தது. கையால் இறக்குவதற்கான திருகு துருவேறித் தலை மழுங்கிவிட்டது. ஆக, எஞ்சின் ஓடும். ஆனால் தண்ணீரில் இறங்காது. அப்போதே சரி செய்யச் சொன்னேன், கேட்டாரா?

வியாழக்கிழமை ஓடைக்கு அக்கரைக் கிராமத்துப் பூர்வகுடி ஃபிஜிக்காரர் ஒருவர் சாக்கில் டாலோக் கிழங்கோடு வந்தார். என் வீட்டுக்காரரோடு இருபது வருடம் மீன் பிடித்தவர். கிழங்குக்கு அடியில் அதே மாதிரி ட்ரிம் மோட்டார் ஒன்று இருந்தது. எங்களுடையது செத்துக் கிடப்பது தெரிந்து, தன் பழைய எஞ்சினிலிருந்து கழற்றியிருந்தார். உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை, எங்கள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார், அதைப் பார்த்த பிறகு எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை நானும் வீட்டுக்காரரும் வேலையைத் தொடங்கினோம். தூக்கிய எஞ்சினுக்கு அடியில் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கையை உள்ளே விட்டார். சத்தம் சாலைக்குக் கேட்கக்கூடாது என்று சுத்தியலுக்கு என் பழைய புடவையைச் சுற்றியிருந்தோம். சாலையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் கண்டல் மரங்களுக்கு நடுவே குனிந்துகொண்டோம். நாலு போல்ட்டில் ஒன்று முறிந்தது. பழைய மோட்டாரின் கூடு உப்பில் அரித்து ஓட்டையாகியிருந்தது. அதை இழுத்தபோது உள்ளே இருந்த எண்ணெயெல்லாம், தண்ணீர் கலந்து பால்போல, சேற்றில் கொட்டிப்போனது. புதியதை வைத்து, நீல ஒயரை நீலத்தோடும் பச்சையைப் பச்சையோடும் முறுக்கினார்.

"எண்ணெய் இல்லாம இது சுத்தாது. கடத்தெருவுல துக்கான் எல்லாம் பூட்டிக் கெடக்குது. இன்னா பண்றது?"

"தேங்காயெண்ணெய் இருக்குது. எண்ணெய் எண்ணெய்தானே?"

சொன்னது நான்தான். தலைக்குத் தேய்க்கிற பாட்டிலைக் கொண்டுவந்தேன். மத்தியான வெயிலில் அது தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. ஊற்றினார். பொத்தானை அழுத்தினார். எஞ்சின் இறங்கியது, ஏறியது. பழக்கதோஷத்தில் மறுபடி மேலேயே தூக்கி நிறுத்திவிட்டு வந்தார்.

சனிக்கிழமை, கிழக்கு வெளுக்கும் நேரம். குளிர்கால மாதம். மகளுக்குத் தலை வாரும்போது பாட்டிலின் அடியில் மிச்சமிருந்த எண்ணெயை விரலால் நோண்டித்தான் எடுத்தேன், நெய்யாக உறைந்திருந்தது. அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை. ஃபிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு படகில் ஏறினோம். எஞ்சின் மேலேயே இருக்க, மூங்கிலைச் சேற்றில் ஊன்றி ஓடை வாய்க்கு வந்தோம். அங்கே ஆழம். அவர் பொத்தானை அழுத்தினார்.

மோட்டார் முனகியது. எஞ்சின் அசையவில்லை.

மறுபடி அழுத்தினார். முனகல்தான். ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அப்போது எங்கள் வீட்டுப் பக்கம் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவை உதைக்கிறார்கள். மகளின் தலையைப் பிடித்து என் மடியில் அமுக்கினேன். கையில் பிசுபிசுவென்று எண்ணெய். அப்போதுதான் உறைத்தது.

"ஒறஞ்சு போச்சுங்க! எண்ணெய் ஒறஞ்சு போச்சு!"

ஃபிளாஸ்கைத் திறந்து படகின் பின்பக்கம் குப்புறச் சாய்ந்தேன். மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பாலும் சர்க்கரையும் போட்ட டீயை ட்ரிம் மோட்டாரின் மேல் மெதுவாக ஊற்றினேன். என் கை சுட்டது. கரையில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

"ஜல்தி ஊத்து, ஜல்தி!"

"ஊத்திக்கினுதான் இருக்கேன், கத்தாதீங்க!"

முனகல் மாறியது. எஞ்சின் ஒரு விரற்கடை இறங்கியது, நின்றது, பிறகு தொப்பென்று தண்ணீரில் இறங்கியது. மூன்றாவது முறை சாவியைத் திருப்பியபோது ஓடியது. இறங்கியவன் மார்பளவு தண்ணீரில் நின்றுவிட்டான்.

பவளப்பாறைகளைத் தாண்டினோம். பிறகு நான் அவரைத் திட்டத் தொடங்கினேன். திருகை, மோட்டாரை, அவர் சோம்பலை, அவர் பரம்பரையை. எல்லாம் தமிழில்தான், மகளுக்குப் புரியக்கூடாதே. அவள் தன் பையிலிருந்து துண்டில் சுற்றிய எதையோ எடுத்துப் பலகைமேல் வைத்தாள். கரும்பு வெட்டுகிற கத்தி.

இது எதற்கு என்று இந்தியில் கேட்டேன்.

"சனிக்கெழம வருவாங்கன்னு நீதானம்மா சொன்ன" என்றாள், தமிழில்.

கத்தி புதிதாகத் தீட்டப்பட்டிருந்தது.