திருத்தச் சீட்டு ஒட்டியவர்

மாயவரம் கோர்ட்டு வளாகத்தில் வக்கீல் சங்க நூலகத்தை இருபத்திரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவர் இராஜாங்கம். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துக் கொடுப்பார். வாரிசுரிமைச் சட்ட நூல் அவர் காலத்தில் மூன்று முறை பைண்டிங் பிரிந்தது. அண்ணன் தம்பிச் சண்டைக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. கம்பெனிச் சட்டத் தொகுதிகளை மட்டும் யாரும் தொட்டதில்லை. நெல் விளைகிற ஊரில் கம்பெனிக்கு எங்கே போவது?

அவருடைய முக்கிய வேலை திருத்தச் சீட்டு ஒட்டுவது. சட்டம் மாறினால் புத்தகம் போட்டவர்கள் அந்த மாற்றத்தைச் சின்னச் சீட்டுகளாக அச்சடித்து அனுப்புவார்கள். கழக ஆட்சி வந்தபின் குத்தகைச் சட்டத்துக்கென்றே கட்டுக்கட்டாக வந்தன. மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, பக்க எண் பார்த்து ஒட்டி, காயும்வரை மேலே கம்பெனிச் சட்டத்தைப் பளுவாக வைப்பார். எண்ணைத் தவிர வேறெதையும் படிக்க மாட்டார். "படிக்கிறதுக்குத்தான் அவங்க இருக்காங்களே" என்பார்.

எழுபத்து மூன்றில் காளியம்மாள் வழக்கு வந்தது. ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். குத்தகைதாரர் பதிவேட்டில் அவர் கணவர் பெயரை ஏற்ற முடியாது என்று தாசில்தார் எழுதிவிட்டார். அப்பீல் போடுவதற்குள் கணவர் இறந்துபோக, காளியம்மாள் மனுப் போட்டபோது கெடு தாண்டி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. மனு நிற்காவிட்டால் மிராசுதார் வைத்தியலிங்கம் அவரை நிலத்தைவிட்டு வெளியேற்றிவிடலாம்.

காளியம்மாளின் வக்கீல் யூனுஸ் தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம்தான். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை அதிகாரி மன்னிக்கலாம் என்று நூலகத்தின் குத்தகைச் சட்ட விளக்க நூலில் படித்து, பக்கத்தைக் குறித்துவைத்திருந்தார். அந்த நூல் ஒரே ஒரு பிரதிதான். அதை மிராசுதாரின் வக்கீல் பஞ்சநாதன் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. கேட்டால், "தேடிப் பாக்கறேன்" என்றார்.

ஏழு நாளில் திருப்ப வேண்டிய புத்தகம். இராஜாங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. வாய்தாவுக்கு வாய்தா அந்த அம்மாள் மரத்தடியில் காத்துக் கிடந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

விசாரணைக்கு முதல்நாள் பஞ்சநாதன் வீட்டுக்கே போனார்.

"குத்தகைச் சட்டத்துக்குப் புதுசா சீட்டு வந்திருக்குங்க. புத்தகத்தைக் குடுத்தீங்கன்னா ஒட்டிப்புடலாம்."

பொய் இல்லை, சீட்டு வந்துதான் இருந்தது. வேண்டாம் என்று எந்த வக்கீலால் சொல்ல முடியும்?

"ஒட்டிட்டு நாளைக்கே கொண்டாந்துடணும்" என்று சொல்லிப் பஞ்சநாதன் புத்தகத்தைக் கொடுத்தார்.

அன்று மாலையே இராஜாங்கம் சீட்டுகளை ஒட்டிப் பளு வைத்தார். மறுநாள் காலை யூனுஸ் வந்ததும், "இன்னிக்கு உள்ளதான் இருக்குங்க" என்று எடுத்து நீட்டினார். யூனுஸ் கையெழுத்துப் போட்டார். வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள், புரட்டிப் பார்க்க நேரமில்லை.

வருவாய்க் கோர்ட்டில் குறித்துவைத்த பக்கத்தைத் திறந்து அந்த வரிகளை வாசித்தார். அதிகாரி புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பக்கத்தின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அவர் கண் போனது. அதையும் வாசித்தார். மன்னிக்கலாம், ஆனால் முப்பது நாளுக்கு மேல் கூடாது.

"எத்தனை நாள் தாமதம்?"

"நாப்பத்தொண்ணுங்க" என்றார் யூனுஸ்.

திருத்தம் பஞ்சநாதனுக்கும் புதிது. பேனாவை எடுத்து அவசரமாகக் குறித்துக்கொண்டார். மனு தள்ளுபடி ஆனது.

நூலகத்து வாசலில் காளியம்மாளிடம் இராஜாங்கம் எதையும் மறைக்கவில்லை. புத்தகத்தை வாங்கி வந்ததும், சீட்டை ஒட்டியதும் தான்தான் என்றார். ஒரு வரி படித்துப் பார்க்காமல் போனோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

காளியம்மாள் ஒன்றுதான் கேட்டார்.

"நீங்க ஒட்டாம வுட்டிருந்தாலும் அது சட்டந்தானேங்க?"

"ஆமாம்மா."

அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். இராஜாங்கம் சொன்னது உண்மைதான். ஆனால் அன்று காலை அந்தச் சீட்டைப் பார்க்கும்வரை அந்தக் கோர்ட்டில் அந்தத் திருத்தத்தைத் தெரிந்துவைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை.