இது யார் வீடு?

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘அட்டை மிஸ்’ என்று பெயர். எந்நேரமும் கையில் படம் ஒட்டிய அட்டைகளோடு திரிவாள். ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடவும் மாட்டாள். ஆக, எந்த அட்டையைச் சொன்னாலும் பெயர் பொருத்தம்தான்!

பேச்சு வராத ஆறு பிள்ளைகள் அவள் வகுப்பில். சுவரில் ஒரு நீளப் பட்டை. அதில் அன்றைய பொழுது வரிசையாக ஒட்டியிருக்கும். மணி கோர்ப்பது, பாட்டு, சாப்பாடு, படம் வரைவது, கடைசியில் வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் பிள்ளையே அட்டையை உரித்து ‘முடிஞ்சது’ பெட்டியில் போட வேண்டும். அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டாலே பாதி பயம் போய்விடும் என்பாள். பிற்பகலில் திரைச்சீலை வழியே மஞ்சள் வெளிச்சம் கசிய, அட்டை உரியும் சர்ரென்ற சத்தத்தில், அந்த அறையே அரைத் தூக்கத்தில் மிதக்கும்.

குருவி வந்து சேர்ந்த பிறகு அந்த மிதப்பெல்லாம் போயிற்று. எட்டு வயதுப் பெண். நாள் முழுக்கச் சமர்த்தாக இருப்பாள். கடைசி அட்டையைக் காட்டினால் போதும், வீறிட்டுக் கத்திக்கொண்டு வெளியே ஓட்டம்! இரண்டு தடவை தெருவுக்கே போய்விட்டாள்.

“இன்னொரு தடவை ரோட்டுக்குப் போனா என்னால பொறுப்பேத்துக்க முடியாது மிஸ்,” என்றார் தலைமை ஆசிரியை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. அப்புறம் வேற இடம் பாத்துக்கச் சொல்லிடுவேன்.”

வேறு இடமாம்! ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்கள் கைவிரித்த பிள்ளை. அம்மா இல்லை. அப்பா பஸ் டிரைவர். எங்கே போய் முட்டிக்கொள்வார் மனுஷன்?

அட்டை மிஸ் மணல் கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் முன்னாலேயே மெல்ல மணி அடித்துச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. வீடு என்றால் ஏன் இந்த நடுக்கம்? பாழும் மனசு எங்கெங்கோ போயிற்று. புதன்கிழமை அப்பா வந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டாள்.

“வீட்ல ஏதாவது பிரச்சினையா? மறைக்காம சொல்லுங்க.”

“ஐயையோ, இல்லீங்க மிஸ்! வீடுன்னா அவளுக்கு உயிரு. படி ஏறும்போதே சிரிப்பா.”

“பின்னே இதைப் பாத்து ஏன் கத்துறா?” அட்டையை நீட்டினாள்.

முக்கோணக் கூரை, சிவப்பு ஓடு, வாசலில் ஒரு மரம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது யார் வீடு மிஸ்?”

“யார் வீடும் இல்லீங்க. சும்மா, வீடு.”

“நாங்க இருக்கிறது நாலாவது மாடி. கூரையும் இல்ல, மரமும் இல்ல. பச்சைக் கதவு ஒண்ணுதான்.” தயங்கினார். “தெரியாத வீட்டுக்கு அனுப்பப்போறீங்கன்னு பயந்துட்டாளோ என்னவோ.”

அட்டை மிஸ்ஸுக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அன்றே அவர்களோடு நாலு மாடி ஏறினாள். பெயின்ட் உரிந்த பச்சைக் கதவைப் படமெடுத்து வந்து அட்டையில் ஒட்டினாள்.

மறுநாள் மூன்று மணிக்குக் குருவி அந்த அட்டையை நெடுநேரம் பார்த்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு, அப்பா வரும்வரை பெஞ்சில் காலாட்டியபடி உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே. “சரி, இங்கேயே இருக்கட்டும்,” என்றார் தலைமை ஆசிரியை.

எல்லோரும் போன பிறகு, வெறும் வகுப்பில் அட்டை மிஸ் சந்தோஷத்தோடுதான் உட்கார்ந்தாள். அப்போது நினைவு வந்தது, சுருட்டை. மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மூன்று மணிக்கு, இதே ஓட்டு வீட்டைப் பார்த்துக் கத்திய பெண். ‘வகுப்போடு ஒத்துப்போகவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தப் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பியது அட்டை மிஸ்ஸேதான். வாய்விட்டு அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போய்ச் சுருட்டையின் விலாசத்தைக் கேட்டாள்.

“இப்ப எதுக்கு மிஸ் அது?” என்றார் கிளார்க்.

“அவ மேல ஒரு தப்பும் இல்லன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லணும்.”