ஆயுசுக்கும் தோல் மேல் ஆசையாம்

சுண்ணாம்புத் தொட்டிகள், தோல் காயப்போடும் கொட்டகை, கிணறு, நத்தம் ரோட்டில் வீடு, மூணு பொண்ணுகளுக்கு நிக்காஹ். அம்புட்டும் நான் ஒருத்தன் செய்தது. மூணாம் வகுப்பைத் தாண்டாதவன். தண்ணியே இல்லாத பொட்டலில் தோல் பதனிடத் தோல் ஷாப்பு போடுறேன் என்றதும், கிணறு வெட்டுறது அதுல விழுந்து சாகத்தான் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கோடையில் குடத்தோடு வந்து நின்றதும் அந்தக் கிணற்றில்தான்.

போன மாதம் என் மகன் பஸ் ஸ்டாண்டு பக்கம் தோல் பை விற்க ஷோரூம் திறந்தான். சுவரில் அவன் படம், கீழே இங்கிலீஷில் நாலு வரி. அவன் பெண்டாட்டி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லித்தருது. என்ன எழுதியிருக்குன்னு அதைக் கேட்டேன். தோல் தொழில் அவருக்கு ‘லைஃப்லாங் பேஷன்’ என்று போட்டிருக்கு என்றது.

“அப்படின்னா?”

“சின்னதுலேருந்து கடைசி வரைக்கும் விடாத ஆசை, மாமா.”

“நாப்பது வயசுல வந்தவன் அதைப் போடலாமா?”

“போடக் கூடாதுதான்” என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டது.

சின்னதில் அவன் ஆசை எனக்குத் தெரியாதா? தோல் ஷாப்புக்காரன் எவனும் கொல்லையில் குளித்து, சட்டையைத் தனிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். நானும் அப்படித்தான். அப்படியும் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ன மாட்டான். பள்ளிக்கூட வாசல் வரை வராதீங்க, முனையிலேயே இறக்கிவிடுங்க என்பான். பெருநாளைக்கு நான் அத்தர் பூசினால்தான் மடிக்கு வருவான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை போன பிறகுதான் தோல் அவனுக்கு மணத்தது.

அந்த வரியைப் பற்றி மகனிடமே கேட்டேன். விளம்பரம்னா அப்படித்தான், ஊரே போடுது என்றான். சரி, என் பேர் எங்கலே என்றேன்.

“வாங்குறவங்களுக்கு அந்தத் தொட்டி ஞாபகம் வரக் கூடாது அத்தா.”

நியாயமாகப் பார்த்தால் அந்த வார்த்தை எனக்கும் பொருந்தாது. ஆசைப்பட்டா நான் சுண்ணாம்புத் தண்ணியில் இறங்கினேன்? வயிறு இறக்கிவிட்டது. ஆனால் இறங்கினவன் ஏறவே இல்லை. நகமெல்லாம் தேய்ந்து கிடக்கிறது, வந்து பார்க்கட்டும். ஆசை அவனுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், ஆயுசு என்னுடையது.

அந்த வரியை அழிக்கணும். அதே இடத்தில் என் பேரைப் போட்டு, இந்தத் தொழிலை உண்டாக்கினவன் இவன் என்று எழுதணும். தமிழிலும் வேணும், இங்கிலீஷிலும் வேணும். பிழை இல்லாமல் எழுத வீட்டிலேயே ஆள் இருக்கு.