சிவப்புப் பூவும் விளையாட்டுச் சாமியும்

நான் விளையாடுகிற கணினி விளையாட்டுகளில் பெரும்பாலும் பூசாரிதான் கெட்டவன். தொடக்கத்தில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு எல்லோருக்கும் ஆசி வழங்குவான். பாதிக் கதை தாண்டினால் ஊர்ப் பிள்ளைகளைப் பேய்க்கு விற்றுக்கொண்டிருப்பான். முதல் தடவை பார்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தேதான் விளையாடுகிறேன். பிடித்துத்தான் விளையாடுகிறேன்.

இந்த வகை விளையாட்டில் ஓர் ஆளை நாமே உருவாக்கி, அந்த ஆளாகவே ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். ஆரம்பத்திலேயே எந்தச் சாமியைக் கும்பிடப் போகிறாய் என்று ஒரு பட்டியல் வரும். நெருப்புச் சாமி என்றால் வாளில் தீப்பிடிக்கும். நிலாச் சாமி என்றால் இருட்டில் கண் தெரியும். பக்தி என்று எதுவும் கிடையாது. ஹெல்மெட் வாங்குவதுபோலச் சாமியை வாங்க வேண்டும். கடைசியில் ஏதாவது ஒரு சாமியைக் கொன்றால்தான் விளையாட்டு முடியும். நான் இதுவரை நான்கு சாமிகளைக் கொன்றிருக்கிறேன். ஒன்றுக்கும் வருத்தப்பட்டதில்லை.

எனக்குச் சாமி மேல் கோபம் வந்தது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது. நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. அப்பா எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பூ கேட்டார். எங்கள் பக்கம் அது வழக்கம். வெள்ளை அரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். மனசுக்குள் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் ஆகட்டும். சிவப்பு வந்தால் ஆகாது. எனக்குச் சிவப்பு வந்தது. நான் நர்ஸ் ஆகவில்லை. டிப்ளமோ படித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்க்கிற வேலைக்கு வந்தேன். பதினேழு வருடமாக அதைத்தான் செய்கிறேன். கோயில் வாசலை மிதித்துப் பல வருடம் ஆகிறது.

போன வருடம் என் அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அக்காவை வேப்பனப்பள்ளி பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாந்தோப்பு, கொஞ்சம் தக்காளி. மாமா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஓசூரில் டாக்டர் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, இதில் தெளிவாகத் தெரியவில்லை, தைராய்டில் பாதியை எடுத்துச் சோதித்தால்தான் புற்றா இல்லையா என்று சொல்ல முடியும் என்றார். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார். தள்ளிப்போடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

அக்கா ஊருக்குப் போனாள். மாமா அவர்கள் ஊர்க் கோயிலுக்கு அவளைக் கூட்டிப்போய்ப் பூ கேட்க வைத்தார். சிவப்பு வந்தது. பூசாரி இலையைப் பிரித்துப் பார்த்து, "அம்மா வத்தண்டுந்தி" என்றாராம். அம்மா வேண்டாம் என்கிறாள் என்று அர்த்தம். அத்தோடு தேதி போயிற்று.

அக்கா திரும்ப ஓசூருக்கு வந்தது ஆபரேஷனுக்கு இல்லை, நாட்டு வைத்தியரிடம் பச்சிலைப் பற்றுப் போட்டுக்கொள்ள. மூன்று நாளுக்கு ஒருமுறை பற்றை மாற்ற வேண்டும் என்பதால் என் வீட்டில் தங்கினாள். முதல் இரண்டு வாரம் நான் அவளிடம் கத்தினேன். மாமாவுக்கு போன் போட்டும் கத்தினேன். "நீ சாமி இல்லாதவ, உனக்கு இதெல்லாம் புரியாது," என்று மாமா வைத்துவிட்டார். ஒரு வாரம் நானும் அக்காவும் சோறு, குழம்பு, தண்ணி லாரி தவிர வேறு எதுவும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் லேப்டாப்பைத் திறந்து விளையாட உட்கார்ந்தேன். அக்கா கழுத்தில் பச்சைப் பற்றோடு பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டிவி ரிப்பேர். அவளுக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

"இது நீயாடி?" என்றாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் வந்த முதல் பேச்சு.

"ஆமா."

"இம்மாம் பெரிய கத்தியத் தூக்கினு எங்க போறே?"

"கோயிலுக்கு."

"கோயிலுக்குக் கத்தி எதுக்கு? அதுவும் செருப்போட போறே பாரு. கழட்டு மொதல்ல."

"அது செருப்பில்லக்கா, பூட்ஸ்."

"பூட்ஸ்னா சாமி வுட்டுருமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அது பனி மலையில் இருக்கும் கோயில். உள்ளே ஒரு கல் தேவதை. பூட்ஸைக் கழற்றினால் குளிர் ஏறும் என்று சொன்னேன். அவள் கல்லை உற்றுப் பார்த்தாள்.

"படையல் ஒண்ணும் இல்லியே. ஒரு வாழைப்பழம்கூட இல்லாத இது என்னா கோயில்? பூசாரி எங்க?"

"அவனைப் போன வாரம்தான் கொன்னேன். அவன் திருடன்."

"நல்லதாப் போச்சு," என்றாள் அக்கா. அவளும் எதையோ நினைத்துக்கொண்டுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அந்தத் தேவதையிடம் ஒரே ஒரு தடவை வழி கேட்கலாம். கல் வெளிச்சமானால் ஆகட்டும் என்று அர்த்தம். இருட்டானால் ஆகாது. எது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் கேட்பதற்கு முன்னால் ஆட்டத்தை அந்த இடத்தில் சேமித்துக்கொள்வேன். இருட்டு வந்தால் சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி கேட்பேன். வெளிச்சம் வரும்வரை கேட்பேன்.

இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் வேலையில் நான் மன்னிக்காத ஒரே தப்பு இதுதான். ஒரு துளையை அளக்கிறோம். அளவு தப்பாக வருகிறது. சில பேர் அதை எழுத மாட்டார்கள். கருவியைத் திருப்பி, சாய்த்து, சரியாக வரும்வரை அளப்பார்கள். வந்ததும் அதை எழுதுவார்கள். அப்படி ஒருவனை ஷிஃப்ட் முழுக்க எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறேன். முதல் அளவை எழுதுடா, அதுதான் அளவு என்பேன். வீட்டுக்கு வந்தால் சாமியிடம் நானே அதைச் செய்கிறேன்.

கல் இருட்டானது. திரும்பப் போனேன்.

"இப்பதானே ஆகாதுன்னுச்சு?" என்றாள் அக்கா.

"பழைய எடத்துக்குப் போயி மறுபடி கேக்கறேன்."

"அதுக்குத் தெரியாதா, நீ முன்னயே கேட்டது?"

"தெரியாது. அதுக்கு நான் இப்பதான் மொதல்ல வர்றேன்."

மறுபடி இருட்டு. மறுபடி திரும்பினேன். அக்கா கட்டிலை விட்டு இறங்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அங்க என்னாமோ எழுதியிருக்கே, அது என்னா?"

"கேள்வி. இந்தக் கணவாய் வழியாப் போகலாமான்னு எழுதியிருக்கு. அதுக்குத்தான் வெளிச்சமோ இருட்டோ வரும்."

"கேள்வி எழுதியே இருக்குமா?"

"ஆமா. எழுதாம எப்படி?"

அக்கா திரையில் இருந்த எழுத்தை விரலால் தொட்டாள். பிறகு, "அது நல்லதுடி. ஏமாத்த முடியாது," என்றாள்.

நான் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"யாரு யாரை ஏமாத்தினாங்க?"

"நான் கேட்டது வேற," என்றாள்.

"என்னா வேற?"

"ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னு நான் கேக்கலடி. உங்க மாமா அதைக் கேளுன்னுதான் சொன்னாரு. சன்னதிக்குப் போனதும் வாயி வேற கேட்டுச்சு. கத்தி வைக்காம இது தானா போயிருமா தாயேன்னு கேட்டுட்டேன்."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது.

"சிவப்பு வந்துச்சு."

"ம்."

"அப்படின்னா கத்தி வைக்காம போகாதுன்னு அர்த்தம்."

"ம்."

"பூசாரி வத்துன்னாரு. எல்லாரும் ஆபரேஷன் வத்துன்னு எடுத்துக்கிட்டாங்க. நீ வாயே தொறக்கல."

"கழுத்துலடி. கழுத்துல கத்தி வைக்கறாங்கன்னா... ஆடு கோழிக்கு வைக்கற எடம்." அவள் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். பற்று அவள் விரலில் ஒட்டியது. "பூசாரி வத்துன்னதும் உங்க மாமா போலாம் வான்னுட்டாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. சும்மா இருந்துட்டேன்."

நான் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. மூன்று வாரம் போயிருந்தது. உள்ளே இருப்பது என்ன என்றே தெரியாமல் மூன்று வாரம் பச்சிலை பூசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "முடிஞ்சுதா?" என்றாள்.

"எனக்குக் கேட்டப்ப அப்பா என்னா கேட்டாரு?" என்றேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"தெரியலடி. மனசுக்குள்ளதானே கேட்டாரு."

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கேள்வியை இனி யாரும் சொல்லப்போவதில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு மாமாவுக்கு போன் போட்டேன். இந்தத் தடவை கத்தவில்லை. வேலையில் பேசுவதுபோலப் பேசினேன். அளவில் தப்பில்லை மாமா, எந்தத் துளையை அளந்தோம் என்று எழுதியதில்தான் தப்பு என்றேன். அவருக்கு அது புரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். நீங்களே கேளுங்கள் என்று போனை அக்காவிடம் கொடுத்தேன். அக்கா தெலுங்கில் பாதியும் தமிழில் பாதியும் பேசி அழுதாள். போன் திரும்ப என்னிடம் வந்தது.

"அப்ப அம்மா அறுக்கச் சொல்லிட்டாளா?" என்றார் மாமா.

"அறுக்காம போகாதுன்னு சொல்லிட்டா."

"அதைத்தானே நானும் கேக்கறேன். எதுக்குச் சுத்தறே? நான் எந்த ராத்திரி தூங்கினேன்னு நெனக்கறே? அம்மா வேணாம்னதை மீறி எப்படிப் பண்றது, பண்ணாம எப்படி வுடறதுன்னு..." அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "காலையில மொத பஸ்ல வர்றேன். அந்த டாக்டர்கிட்ட டைம் வாங்கி வை," என்றார்.

அவரைத் தடையாக நினைத்து மூன்று வாரம் கோபப்பட்டிருந்தேன். அந்த ஆளும் ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் காத்திருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது வராது. காலையில் அவருக்கும் சேர்த்து இட்லி ஊற்றி வைத்தேன்.

ஆபரேஷன் எட்டாவது நாள் நடந்தது. அக்காவின் குரல் கட்டிப்போனது, தகரத்தைத் தேய்ப்பதுபோல. எடுத்த பகுதி பெங்களூருக்குச் சோதனைக்குப் போனது. ரிப்போர்ட் வரும்வரை நான் ஒரு துளையையும் ஒழுங்காக அளக்கவில்லை. நான் பாஸ் செய்த பாகங்களை இன்னொருத்தியிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

புற்று இல்லை. டாக்டர் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாமா வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோக்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். மாமா, "ஏனில்ல, ஏனில்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அன்றைக்கு அதைவிடச் சரியான வார்த்தை கிடையாது.

மாமா தோப்புக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று ஊருக்குப் போனார். அக்கா இன்னும் நாலு நாள் என்னோடு இருந்தாள். மறுநாள் மத்தியானம் அவளாகவே லேப்டாப்பைக் காட்டி, "அந்தப் பொம்மைச் சாமி எங்க?" என்றாள், தகரக் குரலில்.

திறந்து காட்டினேன். பனி மலை, கல் தேவதை, அதே இடம்.

"அதுக்கு ஒரு நன்றி சொல்லு."

"நன்றி சொல்ல இதுல பட்டன் இல்லக்கா. கேக்கலாம், ஒடைக்கலாம். அவ்ளோதான்."

உண்மையில் அப்போதுதான் அதை நானும் கவனித்தேன். இத்தனை விளையாட்டில் இத்தனை கோயிலுக்குப் போயிருக்கிறேன். எதையாவது வாங்கப் போனேன், இல்லை யாரையாவது கொல்லப் போனேன். சும்மா போவதற்கு ஒரு கோயிலையும் யாரும் கட்டி வைக்கவில்லை.

"பட்டன் இல்லன்னா சும்மா நில்லு," என்றாள் அக்கா. "செருப்பைக் கழட்டிட்டு நில்லு."

விளையாட்டில் என் ஆளின் பையைத் திறந்து பூட்ஸைக் கழற்றினேன். என் ஆள் வெறுங்காலோடு பனியில் நின்றாள். கத்தியையும் நானாகவே கழற்றிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கல் வெளிச்சமும் ஆகவில்லை, இருட்டும் ஆகவில்லை. மூலையில் இருக்கிற சிவப்பு உயிர்க்கோடு மட்டும் குளிரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"அது என்னா கொறையுது?"

"உயிரு."

"அய்யோ, போதும்டி. போட்டுக்க போட்டுக்க. சளி புடிச்சுக்கும்."

போட்டுக்கொண்டேன்.