கேட்டுவிட்டு நிற்கிற டீச்சர்

ஆன்லைனில் பாடம் நடத்த ஆசிரியர்களைத் தயார் செய்வது என் பிழைப்பு. அதாவது, எதிரில் ஒரு ஈ காக்கா இல்லாதபோது வகுப்பே நிறைந்திருப்பதுபோல் அவர்களைப் பேச வைப்பது. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து "நான் பேசறது கேக்குதுங்களா?" என்று ஒரு தடவையாவது கத்தித் தொலைத்தவர்களுக்கு என் பாடு புரியும். கத்தாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். அவர்களும் படிக்கலாம்.

நானும் டீச்சராக இருந்தவள்தான். சிங்காநல்லூரில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு மிஸ். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, ஒரு கோடை விடுமுறைக்குப் பூட்டினவர்கள் அப்புறம் திறக்கவே இல்லை. இப்போது நான் வாத்தியார்களுக்கெல்லாம் மேடம். மேடம் வேறு, மிஸ் வேறு. கணக்கைப் போட்டு முடித்துத் திரும்பும்போது ஒரு பிள்ளை "புரிஞ்சுதுங்க மிஸ்" என்று சொல்லுமே, அதை இன்னொரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆபீசில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்கிறேன்.

முருகன் கேட்ட பாடம்

இந்த வேலையில் முதல் பாடமே விபரீதமானது. பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவதுபோல் தெரிய வேண்டுமானால் பிள்ளைகளைப் பார்க்கக் கூடாது, லேப்டாப்பின் நெற்றியில் இருக்கிற கேமராப் புள்ளியைப் பார்க்க வேண்டும். கணக்குப்பதிவியல் பழனிசாமி சாருக்கு இது மட்டும் வரவே இல்லை. முப்பது வருஷமாகக் கடைசி பெஞ்சை முறைத்தே பழகின கண். அது புள்ளியில் நிற்குமா? "மூஞ்சி தெரியாம யாருகிட்டங்க மேடம் பேசறது?" என்று என்னையே முறைத்தார்.

"உங்களுக்குப் பிடிச்ச யாரோட படத்தையாவது புள்ளிக்குப் பக்கத்துல ஒட்டிக்கங்க சார்" என்றேன். எல்லாருக்கும் சொல்கிற வைத்தியம்தான். பேரன் படத்தை ஒட்டுவார் என்று நினைத்தேன். மனுஷன் சென்னிமலை முருகன் படத்தை ஒட்டிவிட்டார். பார்வை அப்படியே குத்திட்டு நின்றது, சந்தோஷப்பட்டேன். ஆனால் குரல் குழைந்துபோனது. செருப்பை வெளியில் கழற்றிவிட்டு வந்தார். ஐந்தொகைக் கணக்கு நடத்துகிறவர் வரம் கேட்பதுபோல் பேசினார். பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சாமிக்குப் போயி டெபிட், கிரெடிட்டு சொல்லிக் குடுக்கறது ஒரு மாதிரியா இருக்குதுங்க மேடம், பேரன் படத்தையே ஒட்டிக்கறேன்."

யாருக்கு பீரியட்?

எங்கள் ஒளிப்பதிவு அறையில் எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் சென்னிமலை பெட்ஷீட்டைத் தொங்கவிட்டிருக்கிறோம். என்ன தொங்கவிட்டு என்ன, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்து மணி மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடும். அதைத் தொடர்ந்து ஒரு இரைச்சல். பெஞ்சு நகர்கிற சத்தம், ஓடுகிற சத்தம், யாரையோ யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். பதிவு கெட்டுவிடும், மறுபடி எடுக்க வேண்டும். நான்தான் முதலில் கத்த வேண்டியவள். கத்த மாட்டேன். அந்த இரைச்சல் அடங்குகிறவரை எனக்கு வேறு எதுவும் ஓடாது.

வீடியோவை வெட்டி ஒட்டுகிற சரவணன் இதைக் கவனித்திருக்கிறான். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: "ஏனுங்க மேடம், பெல்லு அடிச்சா எந்திரிச்சு நிக்கறீங்களே, இப்ப உங்களுக்கு எந்த கிளாஸுங்க?"

வெட்டச் சொன்ன மௌனம்

சத்தியமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர் ஆரோக்கியமேரி டீச்சர். பிளஸ் டூ கணக்கு. கணவர் இல்லை, மகள் நர்ஸிங் படிக்கிறாள், இந்த வேலை அவருக்குக் கட்டாயம் வேண்டும். முதல் மாதம் வெள்ளோட்டம். பிள்ளைகள் வீடியோவைப் பாதியில் மூடிவிட்டுப் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

பாடம் அருமையாக நடத்தினார், சும்மா சொல்லக் கூடாது. ஒரே ஒரு கோளாறு. ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் கேமராவைப் பார்த்து, "புரிஞ்சுதா கண்ணுகளா?" என்பார். அப்புறம் நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு, புருவத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு, பதில் வரும்வரை. வருமா? இது பதிவு செய்கிற வீடியோ! "டீச்சர், யாரும் இல்லீங்க, மேல போங்க" என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால்தான் அடுத்த கணக்கு. எத்தனை சொல்லியும் மாறவில்லை. கடைசியில் அந்த மௌனத்தையெல்லாம் வெட்டிவிடச் சொன்னேன். முதல் வீடியோவில் என் குரலை மட்டும் நீக்கிவிட்டுச் சரவணன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டதால், அது மௌனத்தோடு அப்படியே போய்விட்டது. மற்றதெல்லாம் வெட்டி, சுத்தமாக, விறுவிறுப்பாகப் போயின.

விறுவிறுப்பான வீடியோக்களைத்தான் பிள்ளைகள் பாதியில் மூடினார்கள். நிர்வாகம் முகம் சுளித்தது. டீச்சரிடம் இதைச் சொல்லி, இனிமேலாவது நிற்காமல் நடத்துங்கள் என்றபோது அவர் அழவில்லை, பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "கேட்டுப்போட்டு பதிலுக்கு நிக்காமப் போறது மரியாதை இல்லீங்களே மேடம், என்னால அது ஆகலீங்க."

போனில் ஒரு பிள்ளை

சந்தேகம் கேட்கிற போன் என் மேஜையில்தான் இருக்கும். பாஸ்வேர்டு மறந்துபோச்சு, படம் நிற்குது, இதுதான் வரும். அந்த வாரம் பவித்ரா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். கோபிப் பக்கம், பிளஸ் டூ.

"கணக்கு மிஸ்ஸுக்கு எங்க மேல கோவமுங்களா?"

"ஏன் கண்ணு?"

"மொத வீடியோவுல புரிஞ்சுதான்னு கேட்டுப்போட்டு நின்னாங்க. நானும் சொன்னனுங்க. எங்கம்மா கூட யாருகிட்டடி பேசறேன்னு வந்து பார்த்தாங்க. இப்பெல்லாம் நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்த கணக்குக்குப் போயிடறாங்க. அதான் மூடி வெச்சுட்டனுங்க."

அந்த மௌனம் காலியாகக் கிடந்த இடம் என்று நினைத்து வெட்டச் சொன்னேன். அங்கே ஒரு பிள்ளை உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. "அங்க என்ன கண்ணு சொல்லுவே? எனக்கு ஒருக்கா சொல்லு" என்றேன். வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்விதான். இருந்தாலும் கேட்டேன்.

"புரிஞ்சுதுங்க மிஸ்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "நிஜமாவே புரிஞ்சுதா?" என்று கேட்டுவைத்தேன்.

"இல்லீங்க மிஸ், பாதிதான் புரிஞ்சுது. ஆனா அவங்க அப்படி நின்னு கேக்கறப்ப எப்படீங்க இல்லேன்னு சொல்றது?"

அன்று சாயங்காலமே சரவணனை உட்கார வைத்து, வெட்டிய மௌனங்களைத் திரும்ப ஒட்டச் சொன்னேன். நிர்வாகத்திடம் பவித்ரா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பிள்ளைகள் மறுபடி கடைசிவரை உட்கார்ந்தார்கள். ஆரோக்கியமேரி டீச்சர் வேலையில் நிலைத்துவிட்டார், இன்னும் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஊர் வாத்தியார்களுக்கெல்லாம் ஆன்லைனில் பேசச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிற நான், ஆபீசில் யாரும் இல்லாதபோது அவர் வீடியோவைப் போட்டு, அவர் நிற்கிற இடத்தில், "புரிஞ்சுதுங்க மிஸ்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.