நான் நழுவவிட்ட கேட்ச்

மகளுக்குச் சாப்பாடு கொடுக்கத்தான் அந்தப் பெரியகுளம் மைதானத்துக்குப் போனேன். கம்பம் அணியோடு பெண்கள் கிரிக்கெட் அரையிறுதி. எங்கள் வடுகபட்டி அணிக்கு அவள்தான் கேப்டன். ஒரு பெண்ணுக்குக் கால் பிசகிவிட, "அம்மா, நீ வந்து நில்லு" என்று என்னை இழுத்துவிட்டாள். சேலையைச் செருகிக்கொண்டு எல்லைக்கோட்டருகே நின்றேன்.

கடைசி ஓவரில் பந்து உயரே எழும்பி என் கைக்குள் விழுந்து நழுவியது. தோற்றோம். எனக்கு அழுகை முட்டியது.

பந்தை அடித்த கம்பத்துப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "எங்கம்மா வேடிக்கை பாக்கக்கூட வந்ததில்ல அத்தை. நீங்க உள்ளயே இறங்கிட்டீக!"

இறுதிப் போட்டியில் அவளுக்காக நானும் மகளும் தொண்டை வற்றக் கத்தினோம்.

"ஒங்க மகளா?" என்றார் பக்கத்திலிருந்தவர், ஆடிக்கொண்டிருந்த கம்பத்துப் பெண்ணைக் காட்டி.

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். அது பொய்யென்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.