வெள்ளைத் தாளில் ‘அன்புடன்’

நான் ஒரு முட்டாள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களாகக் கண்டுபிடித்து, அந்தப் பெருமையையும் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள்.

போன சுதந்திர தினத்தன்று ஒருவர் நோட்டை நீட்டி, “சார், சும்மா ஒரு கையெழுத்து” என்றார். ஆட்டோகிராஃப் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். பேனாவை உதறி, ‘அன்புடன்’ என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயரை வால் நீட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

அது எங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகம்.

சிரித்தாயிற்றா? சரி, மேலே போவோம்.

அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் புதுக்கோட்டை டவுனுக்குக் குடிவந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஓட்டு மட்டும் இன்னும் அங்கேதான். இந்த முறை கிராம சபையில் சுதந்திரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிடமா? சுதந்திரத்துக்கா? நான் நாற்பது நிமிடத்துக்குத் தயாரித்துக்கொண்டு போனேன்.

கூட்டம் நடக்கும் கட்டடத்தின் வாசலில் கிளார்க் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் அந்த நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் டீ, ஒரு மிக்சர் பொட்டலம். தீர்மானம்? அதை அப்புறமாக, மேலே விட்ட காலி இடத்தில் நிதானமாக எழுதிக்கொள்வார்கள். பல வருடமாக இதுதான் பழக்கம். யாருக்கும் இதில் வித்தியாசமாக எதுவும் தெரிந்ததில்லை. ‘அன்புடன்’ எழுதிய அறிவாளிக்கும்தான்.

எனக்கு அடுத்து வந்தவர் ஆரோக்கியமேரி. ஐந்தாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்ச். இப்போது பதினேழு ஆடு வைத்திருக்கிறார். கண்மாய்க்கு மேற்கே இருக்கும் மேய்ச்சல் புறம்போக்குதான் அந்தப் பதினேழுக்கும் சாப்பாடு.

“இதுல என்ன எழுதியிருக்கு? கண்ணாடி எடுத்துட்டு வரல, படிச்சுக் காட்டுங்க” என்றார் மேரி.

“இன்னும் எழுதலம்மா. இனிமேதான்” என்றார் கிளார்க்.

“அப்ப எழுதுன பெறகு போடுறேன்.”

“என்னம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லியா?”

“எம் மகன் இப்படி நம்பித்தான் போட்டான். டிரைவர் வேலைன்னு சவூதிக்குப் போனவன் ரெண்டு வருசம் ஒட்டகம் மேய்ச்சான். இங்கிட்டு ஆடு, அங்கிட்டு ஒட்டகம்… போதும்ங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மிக்சர் வாங்காமல் மேரி உள்ளே போய் உட்கார்ந்தார். நான் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன் — சிறப்பு விருந்தினர் இல்லையா?

பிறகு பேசினேன். எதிலிருந்து விடுதலை, எதற்காக விடுதலை என்று ஆரம்பித்தேன். வெள்ளைக்காரன் போனது வெறும் அரசியல் சுதந்திரம் என்றேன். “தெரிந்து, யோசித்து, தானே தேர்ந்தெடுக்கிறவன்தான் சுதந்திர மனிதன்!” என்று மேசையைத் தட்டியபோது பலத்த கைதட்டல். முடித்துவிட்டேன் என்று நினைத்துத் தட்டினார்களோ என்னவோ.

மூன்றாம் நாள் காலையில் மேரியிடமிருந்து போன்.

“நல்லாப் பேசுனப்பா.”

“அப்படியா! நன்றி மேரி.”

“மேய்ச்சல் நெலத்தக் குவாரி லாரி நிறுத்தக் குடுத்துட்டியாமே?”

“நானா?!”

“நீயுந்தான். ஆட்டயெல்லாம் ஒன் வீட்டு மாடிக்கு ஓட்டியாரவா?”

கிளார்க்கைக் கூப்பிட்டேன். மனிதர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

“ஆமா சார். சிறப்பு விருந்தினர் முன்னிலையில், ஆட்சேபணை இல்லைன்னு ஏகமனதாத் தீர்மானம்.”

“ஏகமனதா? மேரி கையெழுத்தே போடலியேய்யா!”

“போட்டவங்க எல்லாரும் ஏகமனசு சார். ஒங்க கையெழுத்துதான் மொதல்ல இருக்கு. அதுலயும் அன்புடன்னு வேற எழுதியிருக்கீங்க. இவ்வளவு ஆசையா இதுவரைக்கும் யாருமே போட்டதில்ல.”

அன்றிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். போனில் ஏதாவது ஆப் இறக்கினால், ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தான் வருகிறதே… அதற்கு மேலே இருக்கும் முப்பது பக்கத்தை நீங்கள் என்றைக்காவது படித்ததுண்டா? வங்கியில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தால், அந்த இடத்தில் பேனா தானாக ஓடுகிறதா இல்லையா? நம் சம்மதத்தை யாரும் பிடுங்குவதில்லை. அவர்கள் நோட்டை மட்டும்தான் நீட்டுகிறார்கள். மீதியை நாமே செய்துகொள்கிறோம், வால் நீட்டி.

இப்போதெல்லாம் யாராவது மைக்கில் ‘சுதந்திரம்’ என்று சொன்னால், சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். சொல்வது நானாக இருந்தாலும்.

சும்மா இருக்க முடியுமா? திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். முந்தின நாள் உட்கார்ந்து மனு எழுதினேன். மூன்று பக்கம். மேய்ச்சல் உரிமை, மனித மாண்பு, கிராம சுயராஜ்யம் — ஒன்றை விடவில்லை. தீர்மானம் எழுதப்படுவதற்கு முன்பே கையெழுத்து வாங்கப்பட்டது என்பதையும், ‘அன்புடன்’ வந்த கதையையும் வெட்கத்தை விட்டு எழுதினேன். அந்த நோட்டில் போடாத மேரியின் கையெழுத்து இதில் இருந்தால்தானே மனுவுக்கு மரியாதை?

அன்று மத்தியானமே பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். மேரி மேற்கே கண்மாய்ப் பக்கம்தான் நின்றார். ஆடுகள் அந்தப் புறம்போக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. ஓரமாக ஒரு லாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. அதன் நிழலில் இரண்டு குட்டிகள் படுத்திருந்தன.

மனுவைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி, பேனாவின் மூடியையும் நானே கழற்றி நீட்டினேன்.

“நேரமில்ல மேரி, அஞ்சு மணி பஸ்ஸப் பிடிக்கணும். நம்ம மனுதான். சும்மா ஒரு கையெழுத்து.”

பேனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இரு, வீட்டுக்குப் போயி கண்ணாடிய எடுத்துக்கிட்டு வாரேன்.”